வேதத்தை மூன்று முறை முடித்தேன், நான்காம் முறையில் அமத்சியா வழிமறித்தான்

இலைக்காரன், கோத்தகிரி
திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இங்கே பல நாட்களாக வாசித்துவிட்டுப் போகிறவன் நான். எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிக்குக் கீழே எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. காலை நாலே முக்காலுக்கு எழுந்து அடுப்படியில் உட்கார்ந்து வேதம் வாசிப்பேன். வீட்டில் அங்கேதான் சூடு இருக்கும். தினம் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்த கணக்கு இது. மொத்தம் 1189 அதிகாரம். வாரத்துக்கு 23 என்று போனால் 52 வாரத்தில் முடிந்து, ஏழு அதிகாரத்துக்கு இடமும் மிஞ்சும். ஜனவரி கடைசியில் உறைபனியும் லேவியராகமமும் சேர்ந்து வரும். அந்த இரண்டையும் தாண்டிவிட்டால் வருடம் கையில் வந்துவிடும். இப்படி மூன்று முறை முடித்திருக்கிறேன். வேதத்தின் கடைசித் தாளில் மூன்று தேதிகள் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், "இந்த வருஷம் வேதத்தை முடித்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று போதகர் ஐயர் சொல்வார். எங்கள் சபையில் ஏழெட்டுப் பேர் நிற்போம். நிற்கும்போது யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்ப்பது ஒரே ஒருவரைத்தான், என் அண்ணனை.

அப்பா படுக்கையில் விழுந்தபோது மருத்துவமனைச் செலவைப் பாதிப் பாதியாகப் போடுவது என்று பேச்சு. முழுவதும் நான் கட்டினேன். அண்ணன் தரவேண்டிய எண்பதாயிரம் இன்றுவரை வரவில்லை. ஆறு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. ஒரே கோயில், அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். நான் வேதத்தை மூன்று முறை முடித்ததும் இந்த ஆறு வருடத்துக்குள்தான்.

இப்போது நான்காம் முறை. போன வாரம் இரண்டாம் நாளாகமம் 25 வந்தது. யூதாவின் ராஜா அமத்சியா கர்த்தருடைய பார்வைக்குச் செம்மையானதைச் செய்தானாம், ஆனால் முழு மனதோடு செய்யவில்லையாம். இதை மூன்று முறை வாசித்துக் கடந்திருக்கிறேன். இந்த முறை கடக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே வந்தால், அவன் இஸ்ரவேலிலிருந்து ஒரு லட்சம் பேரை நூறு தாலந்து வெள்ளிக்குக் கூலிக்கு அமர்த்துகிறான். அவர்களை அனுப்பிவிடு என்று தேவனுடைய மனுஷன் வந்து சொல்கிறார். அதற்கு அவன் கேட்கிற முதல் கேள்வி: அப்படியானால் நான் கொடுத்த நூறு தாலந்துக்கு என்ன செய்வது?

அடுப்படியில் தனியாக உட்கார்ந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கோடை மழைக்கு இலை பொங்கி வருகிற நேரம், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஆனாலும் ஐந்து நாளாக அதே அதிகாரத்தில் நிற்கிறேன். நான் வாசித்ததெல்லாம் என்ன கணக்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), குன்னூர்
திங்கள், இரவு 10.25

தம்பி, இரண்டாம் வசனத்திலும் ஒன்பதாம் வசனத்திலும் நின்றீர்கள். நடுவில் நாலாம் வசனம் ஒன்று இருக்கிறது, அதையும் பாருங்கள். தன் தகப்பனைக் கொன்றவர்களை அமத்சியா கொன்றுபோடுகிறான். அவர்களுடைய பிள்ளைகளைத் தொடவில்லை. காரணம், பிதாக்களுக்காகப் பிள்ளைகள் கொலைசெய்யப்படலாகாது என்று மோசேயின் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. உபாகமம் 24:16. பழிவாங்கப் புறப்பட்ட ராஜா குலத்தையே வேரறுத்த காலம் அது. இவன் ஏட்டைப் பார்த்துக் கையை நிறுத்தினான். ஆகவே அமத்சியா வேதம் தெரியாதவனல்ல. ஒரு வசனத்துக்கு அட்சரம் பிசகாமல் கீழ்ப்படிந்தவன். அதனால்தான் இந்த அதிகாரம் எனக்கும் பயமாக இருக்கிறது.

பின்பு என்ன ஆயிற்று? உப்புப் பள்ளத்தாக்கில் ஏதோமியரை ஜெயித்தான். ஜெயித்த கையோடு தோற்றவர்களுடைய தெய்வங்களைத் தூக்கிவந்து அவற்றையே பணிந்துகொண்டான். தம்மைக் கும்பிட்ட ஜனத்தையே காப்பாற்ற முடியாத சாமிகள்! பின்பு இஸ்ரவேலின் யோவாசை வலியச் சண்டைக்கு அழைத்தான். கேதுருமரத்திடம் பெண் கேட்டுத் தூது அனுப்பிய முட்செடியைக் காட்டுமிருகம் மிதித்துப்போட்ட கதையை யோவாஸ் சொல்லி எச்சரித்தும் கேட்கவில்லை. முடிவில் எருசலேமின் மதிலில் 400 முழம் இடிபட்டது.

"முழு மனது" என்ற இடத்தில் எபிரெயத்தில் வருகிற சொல் ஷாலேம். ஷாலோம் என்கிற சமாதானமும் அதே வேர். பிளவில்லாதது, குறையில்லாதது என்று பொருள். கடனை முழுக்கத் தீர்ப்பதைச் சொல்கிற வினையும் அந்த வேரிலிருந்தே வருகிறது. உங்கள் எண்பதாயிரத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும். அட்டவணையைத் திட்டாதீர்கள். ஸ்காட்லாந்தில் ராபர்ட் மர்ரே மெக்ஷெயின் என்ற இளம் போதகர் 1842இல் தம் சபைக்கு ஒரு வாசிப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தார். ஒரே வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. இன்றும் உலகமெங்கும் அதைப் பின்பற்றுகிறார்கள். அதைக் கொடுத்த கையாலேயே அதன் ஆபத்துகளையும் எழுதினார்: வெறும் சடங்காகிவிடும், வாசித்துவிட்டோம் என்ற பெருமை வரும், கவனமின்றிக் கண் ஓடும், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடும். மறு வருடமே, 29 வயதில், இறந்துபோனார். அவருக்கே அது தெரிந்திருந்தது என்றால் நாம் எம்மாத்திரம்.

தொடர்நாள் 412
திங்கள், இரவு 11.58

அண்ணன், என் பெயரைப் பார்த்தாலே தெரியும். கைப்பேசிச் செயலியில் 412 நாள் தொடர்ந்து வாசித்தேன். கடைசி மாதமெல்லாம் நான் செய்தது, இரவு 11.55க்குத் திறந்து, விரலால் தள்ளி, அடியில் இருக்கிற பச்சைக் குறியைத் தொடுவது. அன்றைக்கு வாசித்தது ஏசாயாவா எசேக்கியேலா என்று கேட்டிருந்தால் தெரியாது. ஒரு நாள் கூடலூர் பக்கம் மரம் விழுந்து மின்சாரமும் போய்விட்டது, கைப்பேசிக் கோபுரமும் போய்விட்டது. எண்ணிக்கை பூஜ்யம். அழுகை வந்தது. வேதம் வாசிக்கவில்லையே என்பதற்காக அல்ல. அலமாரியில் அச்சிட்ட வேதம் இருந்தது, மெழுகுவர்த்தியும் இருந்தது. அவற்றை எடுக்கத் தோன்றவே இல்லை.

மன்னிக்கவும், இப்போதும் மணி 11.58தான்.

வெலிங்டன் ஹவில்தார்
செவ்வாய், காலை 5.10

மத்தேயு 5:23, 24. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று எழுதியிருக்கிறது. எழுந்து போங்கள் பிரதர். இதற்கு எதற்கு எபிரெயம்?

பாலாடா அக்கா, கேத்தி
செவ்வாய், பகல் 1.30

அதிகாலையில் எழுந்து வாசிப்பதைப் பற்றி இங்கே எத்தனை இழை ஓடுகிறது. ஒருவராவது எங்களைக் கேட்டீர்களா? நான் கேரட் அறுவடைக்குப் போகிறவள். நடுராத்திரி தாண்டியதும் வண்டி வரும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த மண்ணில் உட்கார்ந்து பிடுங்குவோம். விடிவதற்குள் கழுவுகிற இடத்துக்கு மூட்டை போய்ச் சேர வேண்டும். பிறகுதான் மேட்டுப்பாளையம் லாரி. "அதிகாலையில் விழித்திருந்து கர்த்தரைத் தேடுங்கள்" என்று கன்வென்ஷனில் பேசுகிறார்கள். ஐயா, நான் தினமும் அதிகாலையில் விழித்துத்தான் இருக்கிறேன். கையில் வேதம் இல்லை, கேரட்தான் இருக்கிறது.

எனக்கு வாசிக்கிற நேரம் மத்தியானம். தூங்கி எழுந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்னால் அரை மணி நேரம். விரல் மரத்துப்போய்த் தாளைப் புரட்ட வராது. சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அதிகாரக் கணக்கெல்லாம் கிடையாது. எங்கே புரிகிறதோ அங்கே நிற்பேன். வருடத்தில் வேதத்தை முடித்தவர்கள் எழுந்து நிற்கும்போது நான் உட்கார்ந்திருக்கிறவள். இலைக்காரத் தம்பி, உங்கள் சபையில் ஓரக்கண்ணால் பார்க்கும்போது என்னைப்போல ஒருத்தியும் கண்ணில் பட்டிருப்பாள்.

கோபமில்லை. சொல்ல வேண்டும் போலிருந்தது.

செண்பகனூர்க்காரன், கொடைக்கானல்
செவ்வாய், மாலை 6.15

நான் கத்தோலிக்கன், உள்ளே வரலாமா? உங்கள் 1189இல் எங்கள் புத்தகங்கள் சில விட்டுப்போயின. எங்களுக்கு 66 அல்ல, 73. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்.

எங்களுக்கு அன்றாட வாசகம் திருச்சபையே பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஞாயிறுக்கு மூன்று ஆண்டுச் சுற்று, கிழமை நாட்களுக்கு முதல் வாசகம் இரண்டு ஆண்டுச் சுற்று. இதில் முந்தி ஓடவும் முடியாது, பிடித்த இடத்திலேயே படுத்துக்கொள்ளவும் முடியாது. இதன் குறை என்ன என்றால், பூசையில் யாரோ வாசிக்க நாம் பனிமூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கலாம். நானே நிறைய நின்றிருக்கிறேன். அதற்கு மருந்தாக எங்கள் பங்கில் ஒரு வயதான அருட்சகோதரி சொல்லிக்கொடுத்தது: பத்து வசனத்துக்கு மேல் எடுக்காதே, நான்கு முறை வாசி, நான்காவது முறை குரலெழுப்பி வாசி.

மட்டுறுத்துநர்
செவ்வாய், இரவு 8.00

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. சபைப் பிரிவுச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது.

சேரம்பாடி மகள்
செவ்வாய், இரவு 9.20

குரலெழுப்பி வாசிப்பது என்றதும் என் பாட்டியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கை மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். பாட்டி தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். தகரப்பெட்டிக்குள் துணியில் சுற்றிய ஒரு வேதப்புத்தகம் இருந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவளுடைய அப்பா அங்கே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டில், இரவில் வாசித்ததைக் கேட்டுக் கேட்டே முப்பது நாற்பது சங்கீதம் மனப்பாடம். கொழுந்து பறிக்கும்போது வாய் அசைந்துகொண்டே இருக்கும். இரண்டு இலை, ஒரு மொட்டு, ஒரு வசனம். பக்கத்து வரிசைப் பெண்கள் "கிழவி யாரையோ திட்டுகிறாள்" என்று சிரிப்பார்கள்.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் இரவில் அவளுக்கு வாசித்துக் காட்டுவது என் வேலை. தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியை விட்டுவிட்டால் இருட்டிலிருந்து குரல் வரும்: "நடுவிலே ஒன்றை முழுங்கிவிட்டாய்."

ஒரு தடவை 15ஆம் சங்கீதம் வாசித்தேன். ஐந்தே வசனம். ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறவனைப் பற்றி அதில் வருகிறது அல்லவா? மறுநாள் 16 என்று எடுத்தேன். "இல்லை, நேற்றையதையே வாசி" என்றாள். மூன்றாம் நாளும் அதே. எனக்குச் சந்தோஷம்தான், சின்னச் சங்கீதம், சீக்கிரம் தூங்கலாம். பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்குத் தன் கம்மலைக் கொடுத்து உதவுவதாக அவள் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாளாம். அது எனக்குப் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். பதிமூன்றாம் நாள் இரவு வாசிக்க உட்கார்ந்தபோது விளக்கு வெளிச்சத்தில் பாட்டியின் காது வெறுமையாக இருந்தது.

"சரி, அடுத்ததை வாசி" என்றாள்.

தமிழாசிரியர் (ஓய்வு), குன்னூர்
செவ்வாய், இரவு 10.05

அம்மா, உங்கள் பாட்டியை நான் பார்த்ததில்லை. ஆனால் முதலாம் சங்கீதத்தில் அவரைப் பார்த்திருக்கிறேன். இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிறவன் என்று நாம் வாசிக்கிறோமே, அந்தத் தியானத்துக்கு எபிரெயத்தில் ஹாகா என்ற வினை. கண்ணை மூடி மௌனமாக உட்கார்வது அல்ல அது, வாய்க்குள் முணுமுணுப்பது. ஏசாயா 31இல் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும், 38இல் புறா முனகுவதற்கும் இதே சொல்தான். பக்கத்து வரிசைப் பெண்கள் சிரித்தார்களே, அதுதான் தியானம்.

ஹவில்தார் அவர்களே, எபிரெயம் எதற்கு என்று கேட்டீர்கள். இதற்குத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிட்டுப் படுக்கிறேன். அதிகாரம் என்ற பிரிவே வேதத்தை எழுதியவர்கள் போட்டதல்ல. 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் பிரித்ததாகச் சொல்வார்கள். புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்கள் 1551இல் அச்சில் வந்தன. மோசே காலத்துக் காலேபுக்கு அதிகாரமும் கிடையாது, அட்டவணையும் கிடையாது. ஆனால் யோசுவா 14இல் அவன் கர்த்தரை உத்தமமாய்ப் பின்பற்றினான் என்பது மூன்று இடத்தில் வருகிறது. நாற்பது வயதில் கானானை வேவு பார்த்துத் திரும்பியவன், மற்றவர்களின் அவிசுவாசத்தால் 45 வருடம் காத்திருந்து, 85 வயதில் வந்து கேட்டது சமவெளியை அல்ல, மலைநாட்டை! ராட்சதரான ஏனாக்கியர் இருந்த எப்ரோன் மலையை. எனக்கு 78 ஆகிறது. சிம்ஸ் பூங்கா ஏற்றத்திலேயே மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறேன்.

உதகைச் சகோதரி
புதன், காலை 7.45

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு பயம். வேதத்தைத் திறந்தால் அங்கே நானும் என் குறையும்தானா? அமத்சியா நான், முட்செடி நான், எல்லாம் நான். எம்மாவு ஊருக்குப் போன சீஷர் இருவருக்கும் உயிர்த்தெழுந்த இயேசு வேதவாக்கியங்களை விவரித்தபோது தம்மைக் குறித்து எழுதியிருந்தவற்றைத்தான் காட்டினார். அவர்களுடைய இருதயம் அங்கேதான் கொழுந்துவிட்டு எரிந்தது. முழு மனது என்பதை நாம் முக்கி முனகி உண்டாக்க முடியாது. இருபது வருடம் முயன்று பார்த்தவள் சொல்கிறேன்.

இலைக்காரச் சகோதரரே, ஹவில்தார் சொன்னபடி போய்விடாதீர்கள், இப்போதே வேண்டாம். அண்ணனிடம் போவதும் உங்கள் அட்டவணையில் இன்னொரு கட்டமாகிவிடும். அதற்கும் பென்சிலால் தேதி போட்டுவிடுவீர்கள்.

வெலிங்டன் ஹவில்தார்
புதன், காலை 8.02

சகோதரி, கீழ்ப்படிதலைத் தள்ளிப்போட ஆவிக்குரிய காரணம் எப்போதும் ஒன்று கிடைக்கும்.

உதகைச் சகோதரி
புதன், காலை 8.10

அதுவும் உண்மைதான்.

இலைக்காரன், கோத்தகிரி
வெள்ளி, இரவு 9.15

மூன்று நாளாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும்.

நான் போனேன். உதகைச் சகோதரியின் பதிவை வாசிப்பதற்கு முன்னாலேயே, புதன் விடிந்ததும் விடியாததுமாகப் போய்விட்டேன். வழியில் கரடி நிற்கும் என்று கையில் டார்ச்சும் தடியும். என்ன பேச வேண்டும் என்று முதல் நாள் இரவே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அண்ணன் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். "அண்ணா, அந்த எண்பதாயிரத்தை நான் விட்டுவிட்டேன், கர்த்தர் எனக்கு உணர்த்தினார்" என்றேன்.

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "விட்டுவிட நீ யார்? என் அப்பாவுக்கு நான் கொடுக்க வேண்டிய பங்கு அது. ஆறு வருஷம் கணக்கு வைத்திருந்தவன் இன்றைக்கு எனக்குத் தருமம் போட வந்தாயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணி காபி கொண்டுவந்தார்கள். வாங்கிக் குடிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. வாசல் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மலை ஏறித் திரும்பும்போது ஆசிரியர் ஐயா சொன்ன முட்செடிக் கதைதான் மனதில் ஓடியது. முட்செடி கேதுருவுக்குத் தூது அனுப்பியதாம். உதகைச் சகோதரி, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. தேதி போடாத குறைதான்.

வீட்டுக்கு வந்து வேதத்தை எடுத்தேன், வாசிக்க வரவில்லை. மூடி வைத்தேன். அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்தில் அந்த நேரத்தில் அங்கே வாசிக்காமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஜெபம் என்று சொல்கிற மாதிரி ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு அவர் வேண்டும், பணம் வேண்டாம்" என்பது மட்டும் கடைசியில் வந்தது. அது உண்மையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

பாலாடா அக்கா, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவளும் டிசம்பர் 31இல் உட்கார்ந்திருக்கிறவள்தான். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்கள் வாசிக்கும்போது அந்த அடுப்பில் எனக்கும் ஒரு தம்ளர் வெந்நீர் வைக்கலாம்" என்றாள்.

சேரம்பாடி மகள்
வெள்ளி, இரவு 9.50

அண்ணா, அண்ணி திண்ணையில் வைத்த காபிக்குத் திரும்பப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது தனிக் கடன்.

இலைக்காரன், கோத்தகிரி
திங்கள், இரவு 8.30

காபிக்குப் போனேன். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டு, உட்கார்ந்து குடித்துவிட்டு வந்தேன். வேறு ஒன்றும் பேசவில்லை.

இன்று மாலை இலை எடை போடுகிற இடத்தில் கூட்டம். என் மூட்டை ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். மழையில் நனைந்த இலை. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன், மறுமுனை தானாக எழும்பியது. நிமிர்ந்தால் அண்ணன். தராசில் வைத்தோம். எடைச் சீட்டை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "நனைந்த இலைக்குக் கழிவு போடுவான், பார்த்துக்கொள்" என்றார். அவ்வளவுதான். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் சாதாரணமாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

அட்டவணைப்படி நாற்பது அதிகாரத்துக்கு மேல் பின்தங்கியிருக்கிறேன். இந்த டிசம்பரில் நிற்க மாட்டேன் போலிருக்கிறது. நாளைக்கு 26ஆம் அதிகாரம் எடுக்கிறேன்.

பாலாடா அக்கா, கேத்தி
செவ்வாய், பகல் 1.40

26 அமத்சியாவின் மகன் உசியா. அவனும் கடைசியில் கெட்டுப்போகிறவன்தான், ஆனால் பத்தாம் வசனத்தில் கொஞ்சம் நில்லுங்கள் தம்பி. வேளாண்மையில் பிரியமுள்ளவன் என்று எழுதியிருக்கிறது. மலையிலும் அவனுக்குத் தோட்டவேலைக்காரர் இருந்தார்களாம்.